சிவப்புக்குக் கீழே அரை டேங்க்

கார் ஓட்டுகிறவர் முன்னால் வட்டவட்டமாகச் சில கண்ணாடிகள் இருக்குமே, உள்ளே முள் ஆடிக்கொண்டு, வேகம், டீசல், சூடு என்று காட்டும், அவற்றை வடிவமைப்பதுதான் என் வேலை. ஜப்பானில் நாகோயாவுக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, முள் எவ்வளவு தடிமனாக இருந்தால் கண்ணை உறுத்தாது, சிவப்புக் கோடு எங்கே ஆரம்பித்தால் மனுஷன் பயப்படுவான் என்று நாள் முழுக்க யோசிப்பேன். ஊரில் யாரிடம் சொன்னாலும் "இதுக்குன்னு தனியா ஆள் வெப்பாங்களா?" என்றுதான் கேட்பார்கள். வைக்கிறார்கள். மாதாமாதம் சம்பளமும் கொடுக்கிறார்கள்.

2009 வைகாசியில் அக்கா மகளுக்குக் காது குத்து வைத்தார்கள். அக்கா வசந்தா கடலூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் மகள் யாழினிக்கு ஒரு வயதிலேயே குத்தியிருக்க வேண்டும். எனக்கு விடுமுறை கிடைக்காமல் தள்ளிக்கொண்டே போய் மூன்று வயதாகிவிட்டது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அவளுக்கு ஒரே தாய்மாமன் நான். ஒற்றைப்படை வயது கணக்கும் இருப்பதால் இதை விட்டால் ஐந்து வயதுதான். "இந்த தடவையும் நீ வரலன்னா மங்கலம்பேட்டை குமார் மடியில உக்கார வெச்சிடுவேன், பாத்துக்க" என்று அக்கா போனில் சொல்லிவிட்டாள்.

குமார் எங்கள் சித்தப்பா மகன். நல்லவன்தான், அதுதான் எரிச்சலே. குடும்பத்தில் எந்தத் தாய்மாமன் வர முடியாமல் போனாலும் பட்டு வேட்டியோடு வந்து நிற்பான். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளுக்கு மடி கொடுத்த அனுபவசாலி. மூன்றாவது மடியை அவனுக்கு விட்டுத் தருவதில்லை என்று முடிவு செய்தேன்.

விடுமுறைக் கடிதத்தைப் பார்த்த எங்கள் பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். அவர் ஜப்பானிய மொழியில் கேட்டதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "காது குத்துவது யார்? நீங்களா?" இல்லை, நகை செய்கிறவர் என்றேன். "அப்படியானால் உங்கள் வேலை என்ன?" குழந்தை என் மேல் உட்காரும் என்றேன். அவர் கடிதத்தை இன்னொரு தடவை படித்தார். "ஆக, நீங்கள் ஒரு நாற்காலி" என்றார். ஆமாம் என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

முதல் நாள் கடலூர் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. அக்காவும் குழந்தையும் மாமாவும் காத்திருந்தார்கள். யாழினி என்னைக் கம்ப்யூட்டர் திரையில் மட்டுமே பார்த்தவள். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "அம்மா, கம்ப்யூட்டர் மாமாவுக்குக் காலு இருக்கு!" என்று கத்தினாள். பக்கத்தில் பழக்கடை வைத்திருந்தவர் எட்டி என் காலைப் பார்த்தார். மடி தர வந்தவனுக்கு முதல் சோதனையில் தேறிய திருப்தி.

மாமாவின் பெயர் செல்வராசு. ஆயுள் காப்பீடு பிடித்துக் கொடுக்கும் முகவர். தொழிலுக்கு ஏற்ற கார் வைத்திருந்தார். அதில் ஒரு தடவை ஏறி இறங்கினால் யாருக்கும் பாலிசி எடுக்கத் தோன்றும். வயதான வெள்ளை டீசல் கார். முன்சீட்டில் உட்கார்ந்து, தொழில் பழக்கத்தில் முதலில் முட்களைப் பார்த்தேன். கார் வேப்ப மர நிழலில் இன்ஜினை அணைத்து நின்றுகொண்டிருந்தது. வேக முள் நாற்பதில் இருந்தது.

"மாமா, வண்டி நின்னுட்டுதான இருக்கு?"

"ஆமா மச்சான். அது எப்பவும் நாப்பதுதான். கேபிள் அறுந்து, முள்ளு அங்கியே சிக்கி மூணு தீவாளி ஆவுது. நிக்கிறப்ப நாப்பது, ஓடறப்பவும் நாப்பது. போலீசு புடிச்சாகூட நாப்பதுல வந்தேன்னு காட்டலாம்."

மாமா சாவியைத் திருப்பிய பிறகும் டீசல் முள் சிவப்புக்கும் கீழே படுத்துக் கிடந்தது. சூடு காட்டும் முள் நடுவில் ஏதோ நினைப்பில் நின்றது. இதெல்லாம் கூடப் பரவாயில்லை. டீசல் மீட்டர் கண்ணாடியில் பச்சை நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டும், சூட்டு மீட்டரில் சிவப்பு நிறத்தில் ஒரு பொட்டும் ஒட்டியிருந்தன. யாரோ குழந்தை விளையாடியிருக்கிறது என்று நினைத்தேன்.

"அத நான்தான் ஒட்டினேன்" என்றாள் அக்கா பின்சீட்டிலிருந்து. "உங்க மாமாவுக்கு மீட்டர் பாக்க வரல. பச்சைப் பொட்டுக்குக் கீழ முள்ளு போனா பங்க்குக்குப் போவணும். செவப்பு பொட்டுக்கு மேல சூடு போனா ஓரமா நிறுத்தி தண்ணி ஊத்தணும். அவ்ளோதான்."

சிவப்புக்கும் கீழே முள் கிடக்கிறதே என்று கேட்டேன். மாமா விளக்கினார். "டேங்க்ல மிதக்குற கம்பி வளைஞ்சி போச்சு மச்சான். ஃபுல்லா ஊத்துனா பாதி காட்டும். பாதி இருந்தா காலின்னு காட்டும். நெசமாவே காலியானா வண்டி நின்னுடும், அதுக்கு எதுக்கு மீட்டரு?"

குனிந்து பார்த்தேன். பச்சைப் பொட்டு சிவப்புக் கோட்டுக்கு அரை விரல் கீழே, முள் படுக்கும் இடத்தைத் தொட்டபடி ஒட்டப்பட்டிருந்தது.

வேகத்துக்கும் ஒரு மீட்டர் இருந்தது. அது பின்சீட்டில் உட்கார்ந்திருந்தது. மெதுவாகப் போகும்போது அக்கா நாத்தனாரைப் பற்றிப் பேசினாள். கொஞ்சம் வேகம் கூடியதும் பேச்சை நிறுத்தி "என்னாங்க" என்றாள். இன்னும் கூடியதும் "முருகா" என்றாள். மாமா உடனே காலை எடுத்தார். எங்கள் அலுவலகத்தில் பலர் சேர்ந்து பல மாதம் உழைத்துச் செய்கிற எச்சரிக்கை ஒலி எதுவும் இவ்வளவு சீக்கிரம் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

அன்று இரவு முதுநகரில் அவர்கள் வீட்டில் சங்கரா மீன் குழம்பு. ஜப்பானில் மீனுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அங்கே மீனைப் பச்சையாக அடுக்கி வைத்து அதன் அழகை ரசிக்கச் சொல்வார்கள். இங்கே குழம்பு முழங்கை வரை வழிந்தது. மூன்றாவது தடவை சோறு வாங்கும்போது மாமா என் வேலையைப் பற்றி விசாரித்தார். நானும் சோற்று மயக்கத்தில் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.

சொன்னது இதுதான். புதுக் கார்களில் வேக முள் எப்போதும் உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். டீசல் முள் காலி என்று காட்டிய பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். மறதிக்காரர்கள் நடுரோட்டில் நிற்கக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வைப்போம். இன்ஜின் சூடு மேலும் கீழுமாகப் போனாலும் முள்ளை நடுவிலேயே நிற்க வைப்போம்; ஆடினால் வாங்கினவர்கள் பயந்து போன் செய்கிறார்கள்.

மாமா சாப்பிடுவதை நிறுத்தினார். "அப்ப உங்க கம்பெனி மீட்டரும் பொய்தான் சொல்லுது?"

"பொய்னு இல்ல மாமா. ஒரு அளவோட..."

"வசந்தா, கேட்டியா? இவன் பொய் சொல்றதுக்கு ஜப்பான்ல ஏசி ரூம் போட்டுக் குடுத்துருக்கானுங்க. நம்ம வண்டி அதையே வெயில்ல நின்னுக்கினு சும்மா செய்யிது."

வீடே சிரித்தது. யாழினிக்குப் புரியவில்லை, அவளும் சிரித்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. படித்த படிப்புக்கும் பார்க்கிற வேலைக்கும் இந்தக் காரின் முட்களை நேராக்கிக் காட்டாமல் போவதில்லை என்று அந்தக் குழம்புச் சட்டியின் முன்னால் சபதம் எடுத்தேன்.

இரண்டாம் நாள் காலையிலேயே டிக்கியைத் திறந்து, தரை மூடியைக் கழற்றி, டேங்கின் மேலிருந்த மிதவைக் கம்பியை வெளியே எடுத்தேன். கரண்டிக் காம்பு மாதிரி வளைந்திருந்தது. தெருவில் போன எல்லோரும் நின்று பார்த்தார்கள். "வெளிநாட்டுலேந்து வந்துருக்காரு, வண்டி ரிப்பேரு பண்ண" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது காதில் விழுந்தது. கம்பியை நிமிர்த்தினேன். அளந்து நிமிர்த்தினேன். காலி என்று காட்டினால் கடைசிச் சொட்டு வரைக்கும் காலி, பாதி என்றால் தராசில் வைத்த பாதி. பிறகு மீட்டர் கண்ணாடியெல்லாம் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கிறதே என்று மண்ணெண்ணெய் தொட்டுப் பளபளவென்று துடைத்தேன். பொட்டுகள் உரிந்து வந்துவிட்டன.

சாவியைத் திருப்பியதும் டீசல் முள் மெல்ல எழுந்து சரியாகப் பாதியில் நின்றது. பார்த்துக்கொண்டிருந்த மாமா அசந்துபோனார். "மச்சான்! நேத்து செவப்புல கெடந்துச்சு. நீ கை வெச்சதும் டேங்கே ரொம்பிடுச்சு பாரு!"

"ரொம்பல மாமா. நேத்தும் பாதிதான் இருந்தது. இப்பதான் சரியா காட்டுது."

"அதான், பாதி காட்டுது. ஃபுல்லு."

நான் மறுபடி விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். தலையாட்டல் ஒரு மோசமான மீட்டர் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அக்கா வந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "எங்கடா என் பொட்டு?" என்றாள். இனிமேல் தேவையில்லை, முள்ளே நிஜத்தைச் சொல்லும் என்றேன். "அந்தப் பொட்டுதான்டா மீட்டரே" என்று முணுமுணுத்துக்கொண்டு மாவாட்டப் போய்விட்டாள். வேக முள்ளுக்கு மட்டும் கேபிள் கிடைக்கவில்லை. அது நாற்பதிலேயே இருந்தது.

மூன்றாம் நாள் மாமா காரை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினார். சரியான மீட்டரை எல்லோருக்கும் காட்டியாக வேண்டும். பண்ருட்டியில் சீருக்குப் பலாப்பழம் வாங்கினார். விருத்தாசலத்தில் பாலிசிதாரர் ஒருவரைக் காரில் ஏற்றி முள்ளைக் காட்டினார். அங்கிருந்து மங்கலம்பேட்டைக்குப் போய், பத்திரிகை கொடுத்த கையோடு குமாரையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். என் கையால் நிமிர்ந்த கம்பி காட்டிய டீசல் முழுக்க என் எதிரியை அழைத்து வரவே செலவானது என்பது அன்று எனக்குத் தெரியாது.

நான் அந்த நேரம் யாழினியோடு சில்வர் பீச்சில் இருந்தேன். அவள் என் முழங்காலைத் தட்டித்தட்டிப் பார்த்து இது நிஜமா என்று கேட்டாள். நிஜம் என்று உறுதி கொடுத்தேன். சுண்டல் வாங்கிக் கொடுத்ததும் நம்பினாள். திரும்பி வந்தால் குமார் வீட்டில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருக்கிறான். பையில் பட்டு வேட்டி எட்டிப் பார்த்தது. ஒரு சின்ன நகைப் பெட்டியும் வைத்திருந்தான். "எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு ஜோடி தோடு வாங்கினு வந்தேன் அண்ணே. நீங்க இருக்கச்ச எனக்கென்ன வேலை?" என்றான் பணிவாக. அந்தப் பணிவு என்னைத் தூங்கவிடவில்லை.

விசேஷம் கீரப்பாளையத்துக்குப் பக்கத்தில், வயலுக்கு நடுவே இருந்த மாமா வீட்டுக் குலதெய்வக் கோயிலில். அக்கா, குழந்தை, குமார், பாத்திரம் பண்டம் எல்லாம் அன்று சாயங்காலமே வேனில் கிளம்பிவிட்டன. பாப்பாவின் பட்டுப் பாவாடைக்குச் சட்டை தைக்கக் கொடுத்த தையல்காரர் மறுநாள் காலையில்தான் தருவேன் என்றார். அதனால் நானும் மாமாவும் மட்டும் தங்கினோம்.

நான்காம் நாள் காலை சட்டையை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். முன்சீட்டில் பலாப்பழம் உட்கார்ந்தது. பின்னால் வைத்தால் உருண்டு சீர்த்தட்டை நசுக்கிவிடும் என்றார் மாமா. நான் பின்சீட்டில் தட்டை மடியில் வைத்துக்கொண்டேன். தட்டில் தேங்காய், பழம், பட்டுப் பாவாடை, நான் வாங்கிய தங்கத் தோடு. புறப்படும்போது கேட்டேன், கேட்கத்தான் செய்தேன்: "டீசல் இருக்கா மாமா?"

"பாதி டேங்க் கெடக்கு மச்சான். தாராளம்."

முள்ளை நான் பார்க்கவில்லை. பலாப்பழம் மறைத்தது என்று சொல்லலாம். உண்மையில் மாமா சொன்னதை நம்பினேன். முள்ளை நிமிர்த்தியவனே முள்ளை விட்டுவிட்டு மனிதனை நம்பினான்.

மாமாவுக்கு வழி காட்டவும் மீட்டர் தேவையில்லை. கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்து, "மருந்துக் கம்பெனி வாசனை வருதா? குடிகாடு" என்பார். கொஞ்ச தூரம் போய், "கருவாடு. இனிமே கடலோரம்." பிறகு ஈர மண்ணும் நாற்றும் மணத்தபோது, "சிதம்பரம் கிட்டக்க வந்துட்டோம்." கண்ணை மூடியபடியே ஓட்டுகிறார் என்று தெரிந்ததும் நான் "முருகா" என்றேன். ஆனால் என் முருகாவில் அக்காவுடைய துல்லியம் இல்லை. வேகம் குறையவில்லை.

வெள்ளாற்றுப் பாலத்துக்குச் சற்று முன்னால், பரங்கிப்பேட்டைக்குப் பிரிகிற பாதையருகே வண்டி இருமியது. இரண்டு குலுக்கு குலுக்கி நின்றது. வேக முள் மட்டும் நாற்பதில் போய்க்கொண்டிருந்தது.

மாமா இறங்கி பானட்டைத் திறந்தார். தண்ணீர் ஊற்றினார். பேட்டரியைத் தட்டினார். டீக்கடைக்காரர் வந்து "ஏர் லாக்கு" என்றார். இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் அரிவாளோடு வந்து "ஹெட்டு போயிருக்கும்" என்றார். நான் பலாப்பழத்தின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். டீசல் முள் சிவப்புக்குக் கீழே, மூலையில் போய் முட்டிக்கொண்டிருந்தது.

"மாமா, டீசல் இல்ல. முள்ளு காலின்னு காட்டுது."

"அதான் மச்சான் நானும் சொல்றேன். காலின்னு காட்டுது, அப்ப பாதி இருக்கு!"

"அது பழைய கணக்கு. நான்தான் நிமித்திட்டேனே. இப்ப காலின்னா காலி."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? வீட்டை ஒழுங்குபடுத்துகிறேன் என்று சாவியை இடம் மாற்றி வைத்த விருந்தாளியைப் பார்க்கிற பார்வை. "பச்சைப் பொட்டு இருந்துருந்தா இந்நேரம் பங்க்குல நின்னுருப்பேன்" என்றார். கம்பெனிக் காரில் காலி என்று காட்டிய பிறகும் கொஞ்சம் ஓடும்படி இரக்கம் வைப்போம். சொந்த மாமா காரில் அந்த இரக்கத்தை நான் வைக்கவில்லை. கடைசிச் சொட்டு வரை நிஜம் பேசிவிட்டது.

டீசல் வண்டி ஒரு தடவை வறண்டு நின்றால் ஊற்றினால் மட்டும் கிளம்பாது; குழாயில் புகுந்த காற்றையும் எடுக்க வேண்டும், அதற்கு மெக்கானிக் வர வேண்டும். இதற்குள் அக்காவின் மிஸ்டு கால்கள் வர ஆரம்பித்தன. ஒன்று வந்தால் எங்கே இருக்கீங்க என்று அர்த்தம். தொடர்ந்து இரண்டு வந்தால் கோபம். இப்போது போன் நிறுத்தாமல் துடித்தது. எடுத்தேன்.

"நல்ல நேரம் முடியப் போவுதுடா. பூசாரி அவசரப்படறாரு. குமாரு வேட்டிய மாத்திட்டான்."

"வந்துட்டேன் அக்கா, வந்துட்டேன். பாலத்துக்கிட்ட..."

"வரலன்னா சொல்லிடு. நான் என்னா பண்றது?" குரல் உடைந்தது. அதற்குப் பின்னால் யாழினி "கம்ப்யூட்டர் மாமா எங்க?" என்று கேட்டது காதில் விழுந்தது. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது. இத்தனை கடல் தாண்டி வந்துவிட்டு ஒரு பாலத்தைத் தாண்ட முடியவில்லை.

"நீ போ மச்சான், நான் வண்டியோட வரேன்" என்று மாமா என்னைச் சாலையில் தள்ளினார். சீர்த்தட்டோடு கை காட்டினேன். தனியார் பேருந்து ஒன்று நின்றது. நின்றது என்பது மரியாதைக்கு. ஓடிக்கொண்டே என்னை எடுத்துக்கொண்டது. தட்டைப் பார்த்ததும் இரண்டு அம்மாள்கள் நகர்ந்து டிரைவருக்குப் பக்கத்திலிருந்த இன்ஜின் மூடி மேல் இடம் கொடுத்தார்கள். சுட்டது. உட்கார்ந்தேன்.

பழக்கம் விடவில்லை, முன்னால் பார்த்தேன். மீட்டர்கள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று வட்ட ஓட்டைகள்தான் இருந்தன. வேக மீட்டர் ஓட்டையில் சாமந்திப் பூவைச் செருகியிருந்தார்கள். அடுத்த ஓட்டையில் எலுமிச்சம்பழம். மூன்றாவதில் டிரைவரின் வெற்றிலைப் பொட்டலம். அவர் பாலத்தில் ஏறிய வேகத்தில் தட்டிலிருந்த தேங்காய் எழுந்து உட்கார்ந்தது.

"அண்ணே, எவ்ளோ ஸ்பீடுல போறீங்க?" என்று கேட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். ரோட்டை அல்ல, என்னை. "முன்னாடி போற வண்டிய விட ஜாஸ்தி" என்றார்.

முன்னால் இன்னொரு தனியார் பேருந்து போய்க்கொண்டிருந்தது. நாங்கள் அதைத் தாண்டினோம். அது எங்களைத் தாண்டியது. ஜப்பானில் ரயில் சற்றுத் தாமதமானால் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே நேரத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்ததற்கு யாராவது மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். சிதம்பரத்தில் இறங்கினேன். ஆட்டோ பிடித்து கீரப்பாளையம் என்றேன். தட்டைப் பார்த்து ஆட்டோக்காரரே, "காது குத்தா? தாய்மாமனா? லேட்டா?" என்று மூன்றையும் கேட்டார். மூன்றுக்கும் ஆமாம் என்றேன். வயல் வரப்பில் கூட அவர் வேகத்தைக் குறைக்கவில்லை.

கோயில் வாசலில் இறங்கும்போதே குழந்தை வீறிட்டு அழும் சத்தம் கேட்டது. எனக்குப் புரிந்துவிட்டது.

மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, கண்ணீரும் மூக்குமாக யாழினி குமாரின் மடியில் இருந்தாள். ஒரு காது குத்தியாகிவிட்டது. குமார் வாங்கி வந்த தோடு அதில் மின்னியது. ஆசாரி அடுத்த காதுக்கு ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அக்கா அந்தக் காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றாள்.

"நல்ல நேரத்துல ஆரம்பிச்சாச்சு இல்ல? முடிக்கறத எப்ப வேணாலும் முடிக்கலாம். இந்தக் காது என் தம்பிக்குதான்" என்று பூசாரியிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பூசாரிக்கு அதில் என்ன குற்றம் என்று கண்டுபிடிக்கத் தெரியவில்லை. எவ்வளவு நேரமாக அப்படிப் பொத்தியிருந்தாளோ. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் தட்டை யாரிடம் கொடுத்தேன் என்றே நினைவில்லை.

குமார் எழுந்து இடம் விட்டான். "உக்காருங்க அண்ணே, சூடு பண்ணி வெச்சிருக்கேன்" என்றான். நல்லவன்தான்.

யாழினி என் மடிக்கு வந்தாள். முதல் காதுக்கு அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது; இரண்டாவதுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கையை உதறினாள், காலை உதைத்தாள், என் கட்டை விரலைக் கடித்தாள். ஆசாரி ஒரு நொடியில் வேலையை முடித்தார். அவள் அலறினாள். அதே நொடியில் என் புதுப் பட்டு வேட்டி வெதுவெதுப்பாக நனைந்தது. எந்த முள்ளும் அசையவில்லை, எந்த விளக்கும் எரியவில்லை, ஒரு முன்னறிவிப்பும் இல்லை. குமாரின் வேட்டி காய்ந்தே இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். "ஒன் மடியிலதான்டா உரிமையா போயிருக்கா" என்று அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

பந்தியில் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும். சிதம்பரம் கொத்சு புளிப்பும் காரமுமாக நாக்கைப் பிடித்து இழுக்கும். நான் கடன் வாங்கிய லுங்கியோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். என்னதான் சாப்பிட்டாலும் மனசில் ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. பந்தியில் எதிரே இருந்தவர்கள் நான் முழுத் தாய்மாமனா, அரைத் தாய்மாமனா என்று வாதம் நடத்தினார்கள். "ஒரு காதுதானே" என்றார் ஒருவர். அப்பளம் நொறுக்கிய சத்தம் பெரிதாகக் கேட்டது.

சாப்பாடு முடியும்போது மாமா காரோடு வந்து சேர்ந்தார். கையெல்லாம் டீசல். வந்ததும் டீக்கடைக்காரரும் மெக்கானிக்கும் பாலிசி எடுக்கச் சம்மதித்ததை அறிவித்தார். பிறகு எனக்குக் கிடைத்தது ஒரு காதுதான் என்று கேள்விப்பட்டார்.

சாயங்காலம் திரும்பும் வழியில் வயலோரம் நிறுத்தச் சொல்லி டிக்கியைத் திறந்தேன். மிதவைக் கம்பியை எடுத்து, நிமிர்த்திய அதே கையால், பழையபடி கரண்டிக் காம்பு மாதிரி வளைத்தேன். எங்கள் பிரிவுத் தலைவர் பார்த்திருந்தால் வேலையை விட்டு அனுப்பியிருப்பார். அக்கா தன் நெற்றிப் பொட்டை எடுத்து டீசல் மீட்டர் கண்ணாடியில், அதே பழைய இடத்தில், விரலால் அழுத்தி ஒட்டினாள். பச்சை இல்லை, அன்று அரக்கு. அதுவும் போதும் என்றார் மாமா.

சிதம்பரம் தாண்டுமுன் பங்க்கில் நிறுத்தி வழிய வழிய டீசல் போட்டோம். யாழினி என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு காதிலும் இரண்டு விதத் தோடு. மாமா சாவியைத் திருப்பினார். முள் எழுந்து, ஏறி, பாதியில் வந்து நின்றது. அவர் கண்ணாடியை விரலால் தட்டி என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா மச்சான். இதுக்கு மேல ஒரு சொட்டு ஊத்த முடியாது. ஆனா பாதிதான் காட்டுது. அதுக்காக பாதின்னு ஆயிடுமா?"

குழந்தையின் மொட்டைத் தலை என் நெஞ்சில் சந்தனத்தை அப்பிக்கொண்டிருந்தது.

"ஒனக்கும் ஒரு காதுதான் காட்டுச்சு. ஃபுல்லுடா நீ" என்று சொல்லிவிட்டு மாமா வண்டியை எடுத்தார்.

"முருகா" என்றாள் அக்கா.